கருவிப் பெட்டி: உதறும் ரம்பமும் மரத்துப்போகும் விரலும்

இந்த மாதம் வந்த கடிதங்களை அடுக்கி வைத்தபோது பாதிக்கு மேல் ஒரே மிஷினைப் பற்றி இருந்தன. ரெசிப்ரோகேட்டிங் சா, அதாவது பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கிற கை ரம்ப மிஷின். சிலர் சேபர் சா என்கிறார்கள். என் கடைப் பையன்களுக்கு அது வெறும் 'ரெசிப்ரோ'. ஆங்கிள் கிரைண்டர் நுழையாத சந்திலும் நுழையும், மரத்தையும் அதிலுள்ள ஆணியையும் சேர்த்தே அறுக்கும், தீப்பொறி பறப்பதும் குறைவு. அதனால் எங்கள் பக்கம் கட்டடம் பிரிக்கிறவர்கள், பிளம்பர்கள் என்று நிறையப் பேர் கைக்கு அது வந்துவிட்டது. வந்த பிறகு கை என்ன ஆகிறது என்பதுதான் இப்போது கேள்வியாகத் திரும்பி வருகிறது. சரி, நீளமான கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஸ்பின்னிங் மில் கட்டடங்களைப் பிரித்தெடுக்கும் காண்ட்ராக்ட் செய்கிறேன். நான்கு ஆட்கள். போஷ் ஜி.எஸ்.ஏ. 1100 ஈ வாங்குவதா, மகிட்டா ஜே.ஆர். 3070 சி.டி. வாங்குவதா என்று யோசனை. பெரியதில் பவர் அதிகம். ஆனால் போன வேலைக்கு வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய மிஷின் உதறு உதறு என்று உதறி, சாயங்காலம் சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை என்று ஆட்கள் சொல்கிறார்கள். எது கைக்குச் சுகம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

சோற்றைப் பிசைய முடியவில்லை என்று ஆள் சொன்னதைக் காதில் வாங்கி, கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

எனக்கு இது சொந்தக் கதை. ரிப்பேர் கடை போடுவதற்கு முன் ஒன்பது வருடம் கோவையில் ஒரு பவுண்டரியில் ஃபெட்லிங் வேலை பார்த்தேன். வார்ப்பில் வரும் பிசிறைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்கிற வேலை. காலையில் பிடித்தால் டீ வரும்போதுதான் கீழே வைப்போம். கை மரக்கிறது என்றால், 'உதறிவிட்டுப் பிடிடா' என்பார் சூப்பர்வைசர். உதறிவிட்டுப் பிடிப்போம். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடம் கழித்து, ஒரு தை மாதம் கோத்தகிரியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விடியற்காலையில் குழாய்த் தண்ணீரில் கை கழுவினேன். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நடுக்கணு வரை சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டன. கிள்ளினால் உணர்வில்லை. கோடு கிழித்தது போல அதற்குக் கீழே சாதாரண நிறம். காபி டம்ளரைப் பிடித்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் ரத்தம் திரும்பியது. திரும்பும்போது விண்விண்ணென்று தெறித்த தெறிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் குளிர் என்றார்கள். ஊருக்கு வந்து டாக்டரிடம் காட்டியபோது அவர் விரலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டார், "என்ன வேலை பார்த்தீங்க?"

இதற்கு 'வெள்ளை விரல்' என்றே பெயர் உண்டு. 1918-இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊருக்குப் போனார். காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் கொத்துகிறவர்களின் கைகளைப் பார்த்தார். குளிரில் அவர்கள் விரல் வெளுப்பதையும் மரத்துப் போவதையும் விவரமாக எழுதிவைத்தார். நான் ஃபெட்லிங்குக்குச் சேருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அச்சில் இருந்த சங்கதி. எங்கள் சூப்பர்வைசர் வரை அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் இரண்டு மிஷின்கள். போஷ் 1100 வாட்ஸ், பிளேடு முன்பின் போகிற தூரம் 28 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 2700 தடவை, எடை 3.9 கிலோ. மகிட்டா 1510 வாட்ஸ், 32 மில்லிமீட்டர், 2800 தடவை, எடை நாலரை கிலோவை ஒட்டி வரும். பெட்டியின் மேல் இவ்வளவுதான் பெரிய எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டிய எண் பெட்டியின் மேல் இருக்காது. உள்ளே இருக்கும் கையேட்டில், நாம் யாரும் திருப்பாத பக்கத்தில், 'வைப்ரேஷன்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். வினாடி வர்க்கத்துக்கு இத்தனை மீட்டர் என்று கொடுத்திருப்பார்கள். பலகை வெட்டும்போது ஒன்று, மர உத்தரம் வெட்டும்போது ஒன்று என இரண்டு எண். கூடவே 1.5 மாதிரி ஒரு சின்ன எண்ணும் நிற்கும். அது அளவில் வரக்கூடிய பிசகு. கடைக்காரரிடம் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, கையேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி வெப்சைட்டிலும் கையேடு கிடைக்கும்.

அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஐரோப்பாவில் 2002-இல் ஒரு சட்டம் வந்தது. உதறலை எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரி பிடித்து, 2.5-ஐ எட்டினால் முதலாளி ஏதாவது செய்தாக வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்று இரண்டு கோடு போட்டார்கள். இதை நேரமாக மாற்றினால் நம் ஆட்களுக்கும் புரியும். உதறல் 10 உள்ள மிஷினை ஒருவர் அரை மணி நேரம் பிடித்தால் முதல் கோடு, இரண்டு மணி நேரம் பிடித்தால் இரண்டாவது கோடு. 14 என்றால் கால் மணி நேரமும் ஒரு மணி நேரமும். 20 என்றால் ஏழரை நிமிடத்தில் முதல் கோடு, அரை மணியில் அன்றைய பாடு முடிந்தது. கவனித்தீர்களா? 10-க்கு 20 இரண்டு மடங்கு. நேரமோ பாதியாக இல்லை, கால்வாசியாகிவிட்டது. ரெசிப்ரோக்களின் கையேடுகளில் நான் பார்த்த எண்கள் பெரும்பாலும் 10-க்கு மேலேதான். 20-ஐத் தாண்டியதையும் பார்த்திருக்கிறேன். இங்கே நேரம் என்பது ட்ரிகர் அழுத்தியிருக்கிற நேரம் மட்டும். ஏணி நகர்த்துவது, பிளேடு மாற்றுவது, பீடி பற்ற வைப்பது சேராது. 'நாள் பூரா வெட்டுகிறோம்' என்கிற ஆளை ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று போன் ஸ்டாப்வாட்சில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிடக் குறைவாக வரும். சில ஆட்களுக்குப் பயப்படுகிற அளவு அதிகமாகவும் வரும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சுற்றுகிறது. பிளேடு முன்னும் பின்னும் போகிறது. நடுவில் ஒரு கிராங்கோ, சாய்வாக மாட்டிய ஒரு தட்டோ சுற்றலைத் தள்ளலாக மாற்றுகிறது. அரை அடிக்குக் குறையாத ஒரு இரும்பு ராடு, வினாடிக்கு 46 தடவை முன்னே போய்த் திரும்புகிறது. அது முன்னே போகும் ஒவ்வொரு முறையும் மிஷின் உடம்பு பின்னே உதைக்கும். நல்ல மிஷின்களில் இதைச் சமாளிக்க உள்ளே ஒரு கவுண்டர் வெயிட் இருக்கும். ராடு முன்னே போனால் அது பின்னே வரும். நீங்கள் கேட்கும் மகிட்டாவில் ஏ.வி.டி. (ஆன்டி-வைப்ரேஷன் டெக்னாலஜி) என்று எழுதியிருப்பது இதைத்தான். கவர் கழற்றி மெதுவாகக் கையால் சுற்றினால், இரண்டும் எதிரும் புதிருமாகப் போய் வருவது ஊஞ்சலில் இரண்டு பிள்ளைகள் மாறி மாறி ஆடுவது போலவே இருக்கும். கடையில் பையன்களுக்கு இதைக் காட்டுவது எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் அந்த வெயிட் அடக்குவது மிஷின் தன்னால் போடும் உதறலை மட்டும். பல் பொருளில் மாட்டி இழுக்கும்போது வருகிற உதறலை அது ஒன்றும் செய்யாது. இதை ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்க்கலாம். பெஞ்ச் வைஸில் ஒரு 40 மில்லிமீட்டர் ஆங்கிளை, அதாவது 'எல்' வடிவ இரும்பை, பிடியுங்கள். வைஸின் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு வெட்டு. அப்புறம் ஒரு முழம் தள்ளி ஒரு வெட்டு. அதே மிஷின், அதே பிளேடு, அதே ஆள். இரண்டாவது வெட்டில் ஆங்கிள் கோவில் மணி மாதிரி அடிக்கும், முழங்கை வரை ஏறும். முன்னால் இருக்கும் ஷூவை, அதாவது அந்தத் தகட்டுப் பாதத்தை, பொருளோடு அழுத்தி வைக்காமல் வெட்டினாலும் இதே கதைதான். அப்போது பிளேடு நிற்கும், மிஷின் முன்பின் ஓடும். போன மாதம் 'ரொம்ப உதறுதுங்ணா' என்று ஒருவர் கொண்டுவந்த மிஷினில் ஷூவே இல்லை. எங்கே என்றால், "மறைக்குதுன்னு கழட்டிட்டேன்" என்றார். வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம்.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். பவர் கூடினால் கைக்குக் கேடு என்று உங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. கைக்குப் போகிற கணக்கு உதறலின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கியது. உதாரணத்துக்குச் சொல்கிறேன், இந்த எண்கள் உங்கள் மிஷினுடையவை அல்ல. ஒரு தேக்கு உத்தரத்தைப் பெரிய மிஷின் 15 உதறலில் 20 வினாடியில் வெட்டுகிறது. 15-ஐ 15-ஆல் பெருக்கி 20-ஆல் பெருக்கினால் 4500. சின்ன மிஷின் 12 உதறலில் திணறித் திணறி 50 வினாடி எடுக்கிறது. 7200. கைக்கு மென்மையாக இருந்த மிஷின்தான் அதிகம் தின்றிருக்கிறது. இதுவே ஒயர் போகிற மெல்லிய கண்ட்யூட் பைப் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். அங்கே கனமான மிஷினைத் தூக்கிக்கொண்டு நிற்பது வீண்.

பழைய மில்லில் உங்களுக்கு என்ன வேலை வரும் என்று எனக்குத் தெரியும். மங்களூர் ஓட்டைத் தாங்குகிற மரச் சட்டங்கள், அதில் அரை அடிக்கு ஒன்று துருப்பிடித்த ஆணி. கூரைக்குக் கீழே ஈரக்காற்று போகும் தகட்டு டக்ட். சுவரெல்லாம் இரும்புக் கண்ட்யூட். மரம்தான் உங்கள் நேரத்தைத் தின்னும். அதற்கு மகிட்டா 3070-ஐ வாங்குங்கள். 32 மில்லிமீட்டர் வீச்சும், பிளேடை லேசாக வட்டமடிக்க வைக்கிற ஆர்பிட்டல் செட்டிங்கும் உத்தரத்தில் வித்தியாசம் காட்டும். ஆணியில் பல் கிறீச்சிட்டதும் ஆர்பிட்டலைக் குறைத்துவிடச் சொல்லுங்கள். அந்த வட்டம் மரத்துக்கு வேகம், இரும்புக்கு வெறும் உதறல். இரும்புக்கு எப்போதும் நேர் ஓட்டம், பாதி ஸ்பீடு. தகட்டு டக்டை ரெசிப்ரோவால் வெட்டவே வேண்டாம். தகடு பட்டம் மாதிரி படபடக்கும், அந்தப் படபடப்பு முழுக்கக் கைக்கு வரும். தகடு வெட்டும் கத்திரியோ, தகட்டைக் கொத்திக் கொத்தி வெட்டும் நிப்ளரோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பிளேடுக்குக் கஞ்சம் பிடிக்காதீர்கள். மழுங்கின பிளேடை அழுத்தி வெட்டுகிற ஆளின் கை, இறுகப் பிடித்த கை. இறுகப் பிடித்த கைக்குள் உதறல் சுலபமாக ஏறும். ஆணியோடு மரம் வெட்ட பை-மெட்டல் பிளேடு, இன்ச்சுக்கு 6 பல். ஷூவை அவ்வப்போது முன்னே தள்ளிப் போட்டால் பிளேடின் நுனிப் பக்கத்துப் புதுப் பற்களும் வேலைக்கு வரும். இல்லையென்றால் நடுவில் ஒரு இன்ச் மட்டும் மொட்டையாகி, மீதி பளபளவென்று இருக்கும் பிளேடைக் குப்பையில் போடுவீர்கள். நாள்தோறும் பார்க்கிறேன். ஒரு மிஷினுக்கு இரண்டு ஆள் போட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஓய்கிறவர் வெட்டியதைத் தாங்கிப் பிடிக்கட்டும். தாங்கல் சரியாக இருந்தால் வெட்டு வாய் திறந்தே இருக்கும், பிளேடு சிக்காது.

அபார்ட்மெண்ட் பாத்ரூம்களில் பழைய ஜி.ஐ. பைப் மாற்றுகிறேன். பெரும்பாலும் தலைக்கு மேலே, சுவரை ஒட்டி. பவர்ஃபுல்லாக வாங்கு என்கிறார் மாமா. அவரும் பிளம்பர்தான்.
– கும்பகோணம்

மாமாவுக்கு மரியாதை குறையாமல் சொல்லுங்கள்: தலைக்கு மேல் பிடிக்கிற மிஷினில் முதல் கேள்வி எடை. நாலரை கிலோவை நெற்றிக்கு மேல் தூக்கிப் பிடித்தால் உதறல் கணக்கு போடுவதற்கு முன்பே தோள்பட்டை கணக்கு முடிந்துவிடும். கை உயரத் தூக்கியே இருந்தால் ரத்தமும் குறைவாகத்தான் ஏறும். மகிட்டாவில் ஜே.ஆர். 3050 டி என்று ஒன்று, 1010 வாட்ஸ், 28 மில்லிமீட்டர், எடை மூன்றே கால் கிலோவை ஒட்டி. ஒரு இன்ச் பைப்புக்கு அதுவே ஜாஸ்தி. பாட்டரி மிஷின் பார்த்தீர்கள் என்றால் பாட்டரியை மாட்டிய பிறகு எடை பாருங்கள். பெட்டியில் பாட்டரி இல்லாத எடையைப் போட்டிருக்கலாம்.

உங்களுக்கு மிஷினைவிடப் பல் கணக்குதான் முக்கியம். இரும்பு பைப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1239-படி ஒரு இன்ச் பைப்பின் சுவர் மீடியம் கிளாஸில் 3.2 மில்லிமீட்டர், லைட் கிளாஸில் 2.6. இன்ச்சுக்கு 18 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 1.4 மில்லிமீட்டர். ஆக மீடியம் பைப்பின் சுவரில் எந்த நேரமும் இரண்டு பல்லாவது உட்காரும். 10 பல் பிளேடை மாட்டினால் பல் இடைவெளி 2.5 மில்லிமீட்டருக்கு மேல். சுவரில் பெரும்பாலும் ஒரே ஒரு பல்தான் உட்காரும், அடுத்த பல் விளிம்பில் வந்து மோதும். டக் டக் டக் என்று மணிக்கட்டில் கேட்பது அதுதான். பல்லும் உதிரும். லைட் கிளாஸ் பைப்புக்கு 24 பல் போட்டால் இன்னும் சுகம், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

பிளேடு நீளம் 150 மில்லிமீட்டர் போதும். நீளமானது சுவரில் நுனி இடித்து வளையும், அந்த இடி நேராக உங்களுக்கு. பைப்பை கிளாம்ப்புக்குப் பக்கத்தில் வெட்டுங்கள். பழைய கிளாம்ப் ஆடினால் முதலில் அதை முறுக்கிவிட்டு வெட்டுங்கள். ஒரு நிமிட வேலை. எத்தனை பேர் செய்கிறார்கள்?

ஆன்டி-வைப்ரேஷன் கையுறை என்று ஜெல் வைத்து விற்கிறார்கள். அதைப் போட்டால் எந்த மிஷின் வாங்கினாலும் பரவாயில்லையா?
– ஓசூர்

பரவாயில்லாமல் போகாது. அந்தக் கையுறைகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 10819 என்று ஒரு தரமே இருக்கிறது, ஏமாற்று இல்லை. ஆனால் அவை வேகமான சிலிர்ப்பைத்தான் நன்றாகத் தடுக்கும், கிரைண்டர் போடுகிற மாதிரி. ரெசிப்ரோ வினாடிக்கு 46, 47 தடவை அடிக்கிற மெதுவான அடி. அந்த வேகத்தில் ஜெல் பெரிதாக எதையும் விழுங்காது. கையுறை தடிமனானால் பிடி நழுவும் என்று இன்னும் இறுக்கிப் பிடிப்போம். அது கூடுதல் நஷ்டம். வெட்டுக் காயத்துக்காகக் கையுறை போடுங்கள், கைக்குச் சரியான அளவில். மலைப் பக்கம் வேலை என்றால் சூட்டுக்காகவும் போடுங்கள். கை கதகதப்பாக இருந்தால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். அதில் ஒரு ஜோடி எனக்கே வேண்டும்.

தென்னந்தோப்பில் காற்றுக்கு விழுந்த மரங்களை வெட்ட எந்த ரெசிப்ரோ நல்லது?
– பொள்ளாச்சி

எதுவும் இல்லை. செயின் சா வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். தென்னை நாரில் ரெசிப்ரோ பிளேடு சிக்கி, மிஷின் உங்களைப் பிடித்து ஆட்டும். மணிக்கட்டுப் பருமனுக்குள் உள்ள முருங்கை, கொய்யாக் கிளை கழிக்க மட்டும் 5 பல் பிளேடு போட்டு ரெசிப்ரோ வைத்துக்கொள்ளலாம். கிளையின் ஆடுகிற நுனியில் வெட்டாதீர்கள், அடிமரத்தை ஒட்டி வெட்டுங்கள். ஆங்கிளை வைஸில் வைத்துச் சொன்னேனே, அதே நியாயம்.

அண்ணா, என் வீட்டுக்காரர் கட்டடம் இடிக்கிற வேலைக்குப் போகிறார். ரம்ப மிஷினும் கான்கிரீட் உடைக்கிற பிரேக்கரும் பிடிக்கிறார். ஆறு மாதமாக ராத்திரி கை மரத்து எழுந்து உட்காருகிறார். போன வாரம் தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டார். கேட்டால் 'வேலை செய்கிற கை அப்படித்தான்' என்கிறார். நீங்கள் எழுதினால் கேட்பார்.
– சேலம்

தங்கச்சி, அவர் சொன்னதையே நானும் ஒன்பது வருடம் சொன்னேன். அதனால் அவருக்கே எழுதுகிறேன், இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுங்கள்.

மாப்பிள்ளை, வேலை முடிந்து அரை மணி நேரம் கை குறுகுறுப்பது ஒரு விஷயம். ராத்திரி எழுப்புவதும் டம்ளர் நழுவுவதும் வேறு விஷயம். அந்த இரண்டாவதற்கு மிஷினை மாற்றி மருந்து கிடையாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்கினாலும் ராத்திரியில் இப்படித்தான் மரக்கும். வெள்ளை விரலும் சேர்ந்து வரலாம். எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். நரம்பு நசுங்கல் சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடியது. வெளுக்கிற விரலை முழுசாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம். அது கூடாமல் நிறுத்த வேண்டும் என்றால் உதறல் குறைய வேண்டும். என்னுடையது நின்றது, போகவில்லை. இன்றைக்கும் சின்னச் சட்டைப் பட்டனைப் போட்டுவிட என் மகளைத்தான் கூப்பிடுகிறேன்.

டாக்டரிடம் போகும்போது என்ன மிஷின், தினம் எவ்வளவு நேரம், எத்தனை வருடம், எந்தெந்த விரல் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'கை வலிக்குது' என்று மட்டும் சொன்னால் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். விரல் வெளுத்தால் அந்த நேரமே போனில் படம் எடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் உட்காரும்போது அது சாதாரணமாகிவிடும், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பீடி பிடிப்பவர் என்றால், அது விரல் ரத்தக்குழாயை இன்னும் சுருக்கும். மேஸ்திரியிடம் பிரேக்கரை இன்னொருவரிடம் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உக்கடத்தில் செகண்ட் ஹேண்டில் பெரிய ரெசிப்ரோ ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. உதறல் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கோவை

பிளேடு இல்லாமல் காற்றில் ஓட்டிக் காட்டுவார்கள். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சும்மா ஓடும்போது தேன் மாதிரி ஓடி, வெட்டும்போது பேய் பிடிக்கிற மிஷின்கள் உண்டு. மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு மாட்டுகிற ராடைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். முன்புற புஷ் தேய்ந்திருந்தால் லொடலொடவென்று ஆடும். அந்த ஆட்டம் பிளேடு நுனியில் பல மடங்காகும். ஷூ இருக்கிறதா, அதன் ஸ்க்ரூ பிடிக்கிறதா பாருங்கள். முன்பக்க ரப்பர் உறை கிழிந்து, உள்ளே அலுமினியம் தெரிந்தால் புது உறை கிடைக்குமா என்று விசாரியுங்கள். இடது கை பிடிக்கிற இடம் அது, சூடும் உதறலும் அங்கேதான் வரும். கியர் பக்கம் கிரீஸ் கருப்பாக வழிந்திருந்தால் விலையைக் குறைக்கலாம், வாங்காமல் வர வேண்டியதில்லை. கிரீஸும் கார்பன் பிரஷும் மாற்றுவது சின்னச் செலவு. புஷ்ஷும் ராடும் போனால் மிச்சம் பிடித்த பாதி விலை அங்கேயே போய்விடும்.

எல்லாம் பார்த்தாயிற்று என்றால், வீட்டிலிருந்து ஒரு முழம் ஜி.ஐ. பைப்பும் பிரிக்காத ஒரு 18 பல் பிளேடும் கொண்டுபோங்கள். அவர்கள் வைஸிலேயே பிடித்து, ஷூவை அழுத்தி, நீங்களே இரண்டு வெட்டு வெட்டுங்கள். மிஷினைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்கி விரியுங்கள், கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 'பைப்பெல்லாம் வெட்டக் கூடாதுங்க' என்று கடைக்காரர் சொன்னால், எதிரில் ஒரு டீ குடித்துவிட்டு பைப்போடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.